பொட்டு வைத்த ரேடியோ

"பாஸ்வேர்டு என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள் ஸ்ம்ருதி.

"சொல்ல மாட்டேன்," என்றார் லோகநாயகி. "சொன்னா நீயே போட்டுடுவ. நான்தான் போடணும்."

"இதுல கீபோர்டு கிடையாது ஆன்ட்டி. இந்தக் குமிழைத் திருகினா திரையில ஒவ்வொரு எழுத்தா வரும். வேணுங்கற எழுத்து வந்ததும் அமுக்கணும்."

"அப்ப வர்ற எழுத்தை நீ படி. நான் திருகறேன், நானே அமுக்கறேன்."

"ரொம்ப நேரம் ஆகும்."

"எனக்கு இன்னிக்கு வேற ஜோலி இல்லை. உனக்கு?"

ஸ்ம்ருதிக்கு இருந்தது. மாடியில் அவளுடைய மடிக்கணினி திறந்தபடி கிடந்தது. ஆனாலும் இல்லை என்று சொல்லிவிட்டு, ரேடியோவின் சின்னத் திரைக்கு நேராகக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

"எச்... ஐ... ஜே... கே. எல்... எம்."

"ஐயோ, தாண்டிட்டேன். பின்னால போகலாமா?"

"போகலாம்."

"பரவாயில்லையே. கேம்ப் ரோடு டிராஃபிக் மாதிரி இல்லை, ரிவர்ஸ் எடுக்க விடறான்."

கடைசி எழுத்தை அமுக்கி முடித்தபோதுதான் பாஸ்வேர்டு இன்னதென்று ஸ்ம்ருதிக்குத் தெரிந்தது. மகன் கேஷவின் பெயர், அதை ஒட்டிப் பேரன் ஹர்ஷாவின் பெயர்.

"கேஷவ் வெச்சது. பொண்டாட்டி பேரை விட்டுட்டான் பாரு. ஸஹானாகிட்ட சொல்லிடாதே," என்றார் லோகநாயகி.

"தப்பான பாஸ்வேர்டுங்குது ஆன்ட்டி. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தா போட்டிருப்பாரோ?"

"போட்டிருப்பான். மூணாங்கிளாஸ்லயே நோட்டு அட்டை முழுக்க அவன் பேர்தான் இருக்கும். வா, மறுபடி முதல்லேர்ந்து."

இரண்டாவது முறை இணைப்பு கிடைத்தது. பட்டியலில் 'டிஜிட்டல் ரேடியோ' என்று ஒன்று இருந்தது. தேடச் சொன்னார். கோடு ஒன்று திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்ச் சேர்ந்து, ஒரு நிலையமும் இல்லை என்று நின்றது.

"இது நம்ம ஊர்ல கிடையாது போலிருக்கு."

"ஜெர்மனியில என் தம்பி தினகரன் இருக்கற ஊர்ல இருக்கும். பாவம், சேலையூர்ல வந்து தேடினா அது எங்க போகும்? அடுத்தது என்ன?"

"இன்டர்நெட் ரேடியோ. உள்ள போனா மொழி வாரியா தேடலாம், இல்லைன்னா இடம் வாரியா."

"இடம்."

"ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா..."

லோகநாயகியின் கை குமிழின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"கண்டம் கண்டமாவா வெச்சிருக்கான்?"

"ஆமா. உள்ள நாடு, அதுக்குள்ள ஊர்."

"இவன் யாரோ ஜியாகிரபி டீச்சர்கிட்ட அடி வாங்கிப் படிச்சவன்," என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஐஸ்லாந்து போ," என்றார்.

ஐஸ்லாந்தில் ஒரு பெண் நிதானமாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

"மீன் விலை சொல்றா போலிருக்கு," என்றார் லோகநாயகி.

*

குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் லோகநாயகி புவியியல் டீச்சராக இருந்தவர். ஐஸ்லாந்தின் எரிமலைகளையும் மங்கோலியாவின் புல்வெளிகளையும் எத்தனையோ வகுப்புகளுக்கு மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறார். அவர் நேரில் கண்ட எல்லை வடக்கே திருப்பதி, தெற்கே திருச்செந்தூர். அதைப் பற்றி அவருக்குக் குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "எல்லா ஊருக்கும் போய்ப் பார்த்துட்டுத்தான் பாடம் எடுக்கணும்னா சோலார் சிஸ்டத்தை யார் எடுக்கறது?" என்பார்.

வேலையில் இருந்தபோதே க்ளாகோமா என்ற கண் அழுத்த நோய் ஆரம்பித்துவிட்டது. வரைபடத்தின் நான்கு ஓரங்களையும் யாரோ உள்பக்கமாக மடித்துக்கொண்டே வருவது போல இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாராம். இப்போது நடுவில் கையகலம்தான் மிச்சம். அதிலும் வெளிச்சமும் உருவமும் தெரியும், எழுத்து தெரியாது. கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. சேலையூரில் கீழ் வீட்டில் அவர் தனியாக இருந்தார். மாடியில் ஸ்ம்ருதியின் குடும்பம் வாடகைக்கு இருந்தது.

ஸ்ம்ருதி அதிகம் பேசுகிற பெண் அல்ல. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தாள். பகலெல்லாம் காதில் ஹெட்செட்டோடு இருந்து, அதைக் கழற்றியதும் யாரிடமும் எதையும் சொல்லத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பேசவைக்க லோகநாயகி முயன்றதே இல்லை. அதனாலேயே அவளுக்குக் கீழே போகப் பிடித்திருந்தது.

அந்த ரேடியோ ஜெர்மனியிலிருந்து வந்த தம்பி தினகரன் கொடுத்தது. "இதுல எல்லாமே இருக்குக்கா. இன்டர்நெட், எஃப்எம், போன் பாட்டு, பென்டிரைவ், ரெண்டு அலாரம்," என்று சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டு அன்று மாலையே விமானம் ஏறிவிட்டார். பெட்டி பிரிக்கப்படாமலே ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. கண் டாக்டரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லோகநாயகிக்கு அந்த இரண்டு அலாரங்கள் நினைவுக்கு வந்தன.

கண்ணில் காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும். அவர் சில வேளை மறந்துவிட்டார். கண்ணின் அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டர் திட்டியது கேஷவை. அம்மாவுக்கு எதிரிலேயே, "வயசானவங்களைத் தனியா விட்டுட்டு நீங்க என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டார். மேடவாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் கேஷவ் நல்ல பிள்ளை. கேள்வி அவனுக்கு உறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரே பேச்சாகச் சொன்னான்.

"ஆயுத பூஜை லீவுக்கு வர்றேன். அது வரைக்கும் ஒரு வேளை கூட மருந்து தவறக்கூடாது. தவறினா மேடவாக்கம்தான். அப்ப என்கிட்ட பேச்சு பேசக்கூடாது."

லோகநாயகி ஒப்புக்கொண்டார்.

மேடவாக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. மருமகள் ஸஹானா அன்பானவள். பேரன் மடியை விட்டு இறங்க மாட்டான். ஆனால் சேலையூரில் அவருக்கு வாசல் படியிலிருந்து பால் பூத் வரை கால் அறியும். எந்த வீட்டு முன்னால் சரிவு, எங்கே சாக்கடை மூடி ஆடும், எந்த நாய் குரைக்கும், எது சும்மா முறைக்கும் என்பதெல்லாம் பாடம். அங்கே லிஃப்டில் பட்டன்கூடக் கண்ணாடி போல வழவழவென்று இருக்கிறது. தொட்டால் எது எந்த மாடி என்று தெரியாது. "அங்க நான் யாராவது கூட்டிக்கிட்டுப் போனா போவேன், கொண்டுவந்து விட்டா வருவேன். பார்சல் மாதிரி," என்று ஸ்ம்ருதியிடம் ஒரு முறை சொன்னார்.

கைபேசி அலாரமும் அவருக்கு ஒத்துவரவில்லை. அடிக்கிற அலாரத்தை நிறுத்தக் கண்ணாடியைத் தேய்க்க வேண்டியிருந்தது. தேய்க்கப்போய் ஒரு நாள் பழைய தலைமையாசிரியைக்கு வீடியோ கால் போய்விட்டது. அந்த அம்மாள் அப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாராம்.

ரேடியோவுக்குக் குமிழ் இருந்தது. கூடவே நான்கு பட்டன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிலையத்தைச் சேமித்து வைக்கலாம். பட்டன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால், லோகநாயகி தன் பொட்டு அட்டையை எடுத்துவரச் சொன்னார். முதல் பட்டனில் பெரிய வட்டப் பொட்டு; அது சென்னைத் தமிழ் வானொலி. இரண்டாவதில் கல் வைத்த பொட்டு; அது ஐஸ்லாந்து. மூன்றாவதில் நீளப் பொட்டு. அதில் கர்நாடக இசை. நான்காவதை வெறுமனே விடச் சொன்னார்.

காலை ஆறரைக்கு முதல் அலாரம், தமிழ் வானொலி. மாலை ஆறரைக்கு இரண்டாவது, ஐஸ்லாந்து.

"ஐஸ்லாந்து எதுக்கு ஆன்ட்டி? பாட்டு வெச்சுக்கலாமே?"

"பாட்டு வந்தா உட்கார்ந்து கேட்டுடுவேன். புரியாத பாஷை வந்தாதான் எழுந்து போய் நிறுத்துவேன்."

வீட்டு வேலைக்கு வரும் கங்கம்மாதான் முதல் நாள் பயந்துவிட்டாள். துடைப்பத்தோடு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, யாரோ பொம்பள வூட்டுக்குள்ள திட்டிகினு கீறா?"

"திட்டலை கங்கம்மா. செய்தி படிக்கறா."

"ரேடியோவா? அதுக்கு எதுக்கு இத்தினி பொட்டு? கண்ணாலம் கட்டிக் குடுக்கப் போறியா?"

"மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கேன். ஜெர்மனி சம்பந்தம்."

அன்றிலிருந்து கங்கம்மாவுக்கு அந்த ரேடியோ 'பொண்ணு' ஆயிற்று. "பொண்ணு கத்துது பாரு, போயி மருந்த ஊத்திக்கோ," என்பாள். தெருவில் கரண்ட் போகிற நாளில் மட்டும் பொண்ணு பேசாது. வீட்டில் இன்வர்ட்டர் உண்டு. ஆனால் மோடம் மாட்டியிருந்த பிளக் அதில் சேரவில்லை. அன்றைக்கு நிலையத்துக்குப் பதில் வெறும் பீப் ஒலி வரும். லோகநாயகி அதையும் பழகிக்கொண்டார்.

நான்காவது பட்டன் சனிக்கிழமைகளுக்கானது. ஸ்ம்ருதி ஏதாவது ஒரு நாட்டின் நிலையத்தை அதில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். லோகநாயகி கண்டுபிடிப்பார்.

"ஸ்பானிஷ்தானே? ஆனா ஸ்பெயின் இல்லை. இவன் இப்பதான் காலை வணக்கம் சொல்றான். மணி என்ன?"

"அஞ்சரை."

"இங்க சாயங்காலம் அஞ்சரைன்னா அங்க காலையில ஏழா இருக்கணும். அப்ப மேற்கே எழுபத்தஞ்சு டிகிரி. பெரு. இல்லாட்டா கொலம்பியா. சொல்லாதே, சொல்லாதே. இன்னும் ஒரு பாட்டு கேட்கறேன்."

பெருதான். ஸ்ம்ருதி சிரித்தது அவருக்குத் தெரிந்தது. "சத்தமா சிரிச்சா வாடகை ஏத்த மாட்டேன்," என்றார்.

*

ஆயுத பூஜை வந்தது. லோகநாயகி சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அட்லஸை வைப்பார். அதன்மேல் பாடப் புத்தகம், அதன்மேல் பள்ளியிலிருந்து விடைபெற்ற நாளில் மாணவிகள் கொடுத்த சின்ன உலக உருண்டை. சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி பூஜை முடியும் வரை எதையும் தொடக்கூடாது. இந்த வருடம் அந்த அட்லஸைப் படிக்கக் கண் உதவவில்லை. இப்போது தனக்கு உலகம் எதில் இருக்கிறதோ அதுவும் பூஜையில் இருப்பதுதான் முறை என்று அவருக்குப் பட்டது. பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, பொட்டுகள் பிசகாமல் துடைத்து, ரேடியோவை அட்லஸுக்குப் பக்கத்தில் வைத்தார். நெற்றியில் வைப்பது போல நடுவில் சந்தனம் வைத்தார். ஸ்ம்ருதிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தனுப்பினார்.

நான்கு மணிக்கு மேல் கேஷவும் ஸஹானாவும் ஹர்ஷாவும் வந்தார்கள்.

மாடியில் ஸ்ம்ருதி தனியாக இருந்தாள். அம்மாவும் அப்பாவும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருந்தார்கள். ஆறரை ஆயிற்று. ஐஸ்லாந்துப் பெண்ணின் குரல் வரவில்லை. கரண்ட் இருந்தது. பீப்பும் வரவில்லை. கீழே பேச்சும் சிரிப்பும் கேட்டன. மகனும் மருமகளும் இருக்கிற வீட்டில் போய்த் தான் என்ன சொல்வது என்று முதலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஏழு மணி நெருங்கியபோது சமையலறைக்குப் போய்க் கையில் கிடைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"சுண்டல் கிண்ணம் குடுக்க வந்தேன் ஆன்ட்டி."

"அதுக்கென்ன அவசரம்? உள்ள வா."

கேஷவ் சோபாவில் கைபேசியைப் பார்த்தபடி இருந்தான். ஸ்ம்ருதியையும் பார்த்தான், அவள் பார்வை ரேடியோ இருக்கும் அலமாரிக்குப் போனதையும் பார்த்தான். அலமாரி காலியாக இருந்தது.

"அம்மா, மணி என்ன தெரியுமா?" என்று கேட்டான்.

"ஆறரை ஆகியிருக்காதே. ரேடியோ இன்னும்..." என்ற லோகநாயகி அதோடு நிறுத்திக்கொண்டார்.

"ரேடியோ சாமிகிட்ட இருக்கு," என்றான் ஹர்ஷா குஷியாக. "பாட்டி அதுக்குச் சந்தனம் வெச்சிருக்காங்க."

ஸஹானா அவனை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நானும் ஆறரையிலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன்மா," என்றான் கேஷவ். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நானே சொல்லியிருக்கலாம். நான் இல்லாத நாள்ல யார் சொல்லுவா?"

"பண்டிகை நாள்ல போய் என்னங்க இது," என்றாள் ஸஹானா.

"கண் பிரஷருக்குப் பண்டிகை லீவு கிடையாது."

"இதுவரைக்கும் தவறினதே இல்லை," என்றாள் ஸ்ம்ருதி.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கேஷவ் திரும்பினான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மேல கேட்கும் அண்ணா. காலையில தமிழ் வரும், சாயங்காலம் ஐஸ்லாந்து வரும். கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

"நிறுத்தினா மருந்து போட்டுட்டாங்கன்னு அர்த்தமா?"

"அதுக்கப்புறம் ஃபிரிட்ஜ் கதவு சத்தம் கேட்கும். மருந்து அதுலதான் இருக்கு. ரெண்டு வேளையும் கேட்டிருக்கேன்."

லோகநாயகி அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். எழுந்து, சுவரில் கை வைக்காமலே பூஜை அலமாரிக்குப் போய், ரேடியோவைத் தூக்கினார்.

"அத்தை, நாளைக்குத்தானே எடுக்கணும்?" என்றாள் ஸஹானா பதறி.

"எந்தப் படத்துலயாவது சரஸ்வதி வீணையைக் கீழ வெச்சுப் பார்த்திருக்கியா? பூஜையன்னிக்கும் அவ கையிலதான் இருக்கு. என்னை ஒண்ணும் சொல்ல மாட்டா."

வயரைப் பிரித்து, சுவரைத் தடவிப் பிளக்கை மாட்டினார். ரேடியோ விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. விரல் பெரிய பொட்டைத் தாண்டி, கல் வைத்த பொட்டில் நின்று அமுக்கியது. ஐஸ்லாந்தில் இன்று ஓர் ஆண் பேசிக்கொண்டிருந்தான். ஃபிரிட்ஜைத் திறந்தார், மருந்தை எடுத்தார், தலையை நிமிர்த்தி இமையை இழுத்துப் பிடித்தார். கேஷவ் பாதி எழுந்தான். ஸஹானா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஒரு கண்ணில் ஒரு சொட்டு, மறு கண்ணில் ஒரு சொட்டு. கன்னத்தில் எதுவும் வழியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"இன்னிக்கு லேட்டாச்சு, ஒத்துக்கறேன். ஆனா இது கண்ணால வந்த தப்பு இல்லைடா, பக்தியால வந்த தப்பு. கண்ணு தெரிஞ்சவளும் இதைத்தான் பண்ணியிருப்பா. நீ மட்டும் என்ன? காருக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு, அதுலயே ஏறித்தானே வந்த? ஆயுதத்தை ஒரு நாள் சும்மா விட்டியா?"

ஸஹானா சிரித்துவிட்டாள். கேஷவ் சிரிக்கக் கூடாது என்று இருந்தான், முடியவில்லை.

"சரி. அடுத்த வாரம் டாக்டர் என்ன சொல்றாரோ பார்ப்போம்," என்றான்.

அடுத்த வாரம் டாக்டர் அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது என்றார். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கேம்ப் ரோடு நெரிசலில் மாட்டி வேர்த்து விறுவிறுத்து வந்த கேஷவ், கையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியோடு மோடம் இருந்த மூலையில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். கரண்ட் போனாலும் மோடம் அணையாமல் இருக்க அது. மேடவாக்கம் என்ற பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவன் அம்மாவும் எடுக்கவில்லை. "பொண்ணுக்குச் சீரு வந்துடுச்சி," என்றாள் கங்கம்மா.

அடுத்த சனிக்கிழமை நான்காவது பட்டனுக்கு நாடு வைக்க ஸ்ம்ருதி கீழே போனாள். லோகநாயகி உடனே விளையாட்டை ஆரம்பிக்கவில்லை. சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"இந்தா. அன்னிக்கு நீ குடுத்துட்டுப் போனது. இது எங்க வீட்டுது இல்லை. விளிம்பு வேற மாதிரி இருக்கு."

ஸ்ம்ருதி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"தினமும் ஃபிரிட்ஜ் கதவு வரைக்கும் கேட்டுக்கிட்டா இருந்த?"

"வேணும்னு கேட்கலை ஆன்ட்டி. காதுல விழும்." பிறகு, "அப்புறம் வேணும்னேதான் கேட்டேன்," என்றாள்.

"கோவம் இல்லைம்மா. அன்னிக்கு நீ வாயைத் திறக்கலைன்னா நான் இந்நேரம் ஒன்பதாவது மாடியில தண்ணி லாரி சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருப்பேன். ஆனா உன்கிட்ட ஒண்ணு கேட்கறேன், செய்வியா?"

"சொல்லுங்க."

லோகநாயகி ரேடியோவைத் தன் பக்கம் இழுத்து, பட்டன்களின் மேல் விரல்களை வைத்துக்கொண்டார்.

"ரேடியோ அடிக்கவே இல்லைன்னா வா. நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா ஓடி வா. ஆனா அடிச்சு நின்னுடுச்சுன்னா, அதுக்கப்புறம் ஃபிரிட்ஜ் சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருக்காதே. ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிடு."